கேமரா மேல் துண்டு போட்ட அம்மாவுக்கு

கேள்வி: எனக்கு வயது 63. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நானும் கணவரும் ஸ்ரீரங்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஒரே மகன் சியாட்டிலில். போன வருடம் வந்தபோது பழையதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்மார்ட் டிவி, வைஃபை உள்ள வாஷிங் மெஷின், பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கர், கூடத்தில் ஒரு கேமரா என்று வாங்கி வைத்துவிட்டுப் போனான். கேமராவைக் கடையிலிருந்து வந்த தம்பிதான் மாட்டினார். தன் போனிலேயே ஓடவிட்டுக் காட்டிவிட்டு, அப்புறம் மகனுக்கு ஏதோ அனுப்பினார். இப்போது எனக்குப் பல சந்தேகம். பக்கத்து வீட்டு அம்மா தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து பேரனோடு வீடியோவில் பேசுவார். அவரிடம் என் மூட்டுவலியைச் சொன்னேன். மறுநாள் என் போனில் மூட்டுவலித் தைலம் விளம்பரம். "டிவி எல்லாவற்றையும் கேட்கும்" என்கிறார் அவர். வாஷிங் மெஷின் ஆப் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறது. துணி துவைக்க அது எதற்கு? கேமரா சில நாள் இரவு எட்டரை மணிக்குத் தானாகக் கழுத்தைத் திருப்புகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அதன் மேல் இவருடைய துண்டைப் போட்டு மூடினேன். உடனே மகன் கூப்பிட்டு "என்னம்மா, இருட்டா இருக்கு?" என்றான். கரண்ட் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடலாமா? அவன் மனம் நோகாமல் எப்படிச் செய்வது? தீபாவளிக்குத் தரை துடைக்கும் ரோபோ வேறு வாங்கித் தருகிறானாம்.

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் ஒரு சின்ன விஷயம். கரண்ட் போனால் கேமரா இருட்டாகத் தெரியாது. ஆப்பில் "ஆஃப்லைன்" என்று வரும். படம் கறுப்பாக வந்தால் மேலே யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சியாட்டிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அதைக் கடைசியில் பேசுவோம்.

நான் சென்னையில் பல ஆண்டுகளாக அலுவலக நெட்வொர்க்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது டிவியோ வாஷிங் மெஷினோ என்னை உறுத்தவில்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "தன் போனிலேயே ஓடவிட்டுக் காட்டிவிட்டு" என்று, அந்த வரிதான் உறுத்தியது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை எந்தப் போன் முதலில் ஸ்கேன் செய்கிறதோ, அந்தப் போனில் உள்ள கணக்குக்காரர்தான் அதற்கு உரிமையாளர். மற்றவர்களுக்கு அவர் "ஷேர்" செய்யலாம். உரிமையாளருக்கு நேரலை தெரியும், பழைய பதிவு தெரியும், கேமரா வழியாகப் பேசலாம், கழுத்தைத் திருப்பலாம், இன்னும் யாருக்கு வேண்டுமானாலும் ஷேர் செய்யலாம். மாட்ட வந்த தம்பி தன் போனில் ஓடவிட்டுக் காட்டி, உங்கள் மகனுக்கு "ஏதோ அனுப்பினார்" என்றால், அனுப்பியது அந்த ஷேராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் உங்கள் கூடத்துக் கேமராவின் சொந்தக்காரர் நீங்களும் இல்லை, உங்கள் மகனும் இல்லை. கடைத் தம்பி.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு நாலு வீட்டில் ஏணி போடுகிறவர், வேலை சீக்கிரம் முடியத் தன் போனில் போட்டுக் காட்டுவார். அப்புறம் நீக்க மறந்துவிடுவார். ஒரு முறை இப்படி மாட்டுகிற ஒருவர் எனக்கு வேறு எதையோ காட்டப் போனைத் திறந்தார். ஆப்பில் வரிசையாகப் பெயர்கள். "டாக்டர் வீடு மாடி", "நகைக்கடை பின்னாடி", "கிளினிக் உள்", அதற்குக் கீழே "பாட்டி ரூம்". விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அவர் அதில் எதையும் திறந்து பார்க்கிறவராகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் போன் தொலைந்தால்? பழைய போனை அழிக்காமல் விற்றால்? வேலையை விட்டுப் போனால்? அந்தப் பாட்டி யாரென்று எனக்குத் தெரியாது; அவருக்கும் இது தெரிந்திருக்காது.

எனவே இந்த வாரம் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மகனிடம் கேமராவின் ஆப்பைத் திறந்து, கேமரா பெயருக்குப் பக்கத்தில் "ஷேர்டு" என்று இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் கடைத் தம்பியை வீட்டுக்கு வரச் சொல்லி, காபி கொடுத்து, உங்கள் கண் முன்னால் தன் ஆப்பிலிருந்து அந்தக் கேமராவை நீக்கச் சொல்லுங்கள். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஏனென்றால் பல கம்பெனிக் கேமராக்களில் ரீசெட் பட்டனை அமுக்கினால் மட்டும் பழைய கணக்கு விட்டுப் போகாது. அவர் நீக்கினால்தான் போகும். ஆளைப் பிடிக்க முடியவில்லை என்றால் பில்லோடு கம்பெனியின் கஸ்டமர் கேரைக் கூப்பிட வேண்டியிருக்கும். நீக்கிய பிறகு ரீசெட் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்து, புதிதாக அமைக்க வேண்டும்.

அப்போது யார் போனில் போடுவது? உங்கள் கணவருடையதில். மகனுடையதில் வேண்டாம். வீடு உங்களுடையது, கேமராவின் சாவியும் உங்களிடம் இருக்கட்டும். அங்கிருந்து மகனுக்கு ஷேர் கொடுங்கள். கணக்குக்கு வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். ஓடிபி கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டை டைரியில் எழுதி வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தாராளமாக எழுதுங்கள். உங்கள் பீரோவைத் திறந்து டைரி படிக்கிற திருடனுக்குக் கேமரா தேவையில்லை.

பாஸ்வேர்டில் நான் ஏன் இவ்வளவு நிற்கிறேன் என்றால், நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள், பெண்களைப் பரிசோதிக்கும் அறையிலிருந்து, யூடியூபுக்கும் டெலிகிராமுக்கும் போயின. அங்கே "அட்மின்123" என்ற பாஸ்வேர்டு மாற்றப்படாமல் இருந்ததாகப் பிறகு செய்திகள் வந்தன. பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. 2016-இல் மிராய் என்ற நாசகார மென்பொருள் உலகம் முழுக்கக் கேமராக்களுக்குள்ளும் கேமராப் பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டிகளுக்குள்ளும் புகுந்ததும் இதே வழியில்தான். தொழிற்சாலையில் வைத்த பெயர், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு; சில டஜன் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அந்தக் கேமராக்கள் எல்லாம் சேர்ந்து தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. கேமராவை மாட்டியவர்களுக்குத் தங்கள் கேமரா அன்று என்ன செய்தது என்றே தெரியாது. இந்தியாவில் இப்போது விதி கொஞ்சம் இறுகியிருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் இங்கே விற்கும் சிசிடிவி கேமராக்கள் அரசு ஏற்ற ஆய்வகங்களில் பாதுகாப்புச் சோதனை தாண்டி வரவேண்டும். அதற்கு முன் வாங்கி மாட்டியவை அப்படியேதான் இருக்கின்றன.

கழுத்து திருப்புவதற்கு வருகிறேன். இரண்டு காரணம் இருக்கலாம். இந்த வகைக் கேமராவில் "மோஷன் டிராக்கிங்" என்று ஒன்று உண்டு. ஆள் நடந்தால் அதுவே பின்தொடரும். ஆனால் நீங்கள் எட்டரை மணி என்று நேரம் குறித்திருக்கிறீர்கள். இங்கே இரவு எட்டரை என்றால் சியாட்டிலில் காலை ஏழு அல்லது எட்டு. ஆபீஸ் கிளம்புவதற்கு முன், காபியோடு, அப்பா அம்மா சாப்பிட்டாச்சா என்று ஒருவர் பார்க்கிற நேரம் அது. பேயும் இல்லை, ஹேக்கரும் இல்லை என்றே நினைக்கிறேன். மகனிடமே கேட்டுவிடுங்கள். "நான் அந்த நேரத்தில் பார்ப்பதே இல்லை" என்று அவர் சொன்னால், டிராக்கிங் அணைத்திருந்தும் கழுத்து திரும்பினால், அன்றைக்கே கேமராவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேலே சொன்ன வேலையை முடியுங்கள்.

அதோடு, கேமரா கூடத்தில் எதற்கு? திருடன் கூடத்தில் பிறப்பதில்லை, வாசல் வழியாகவோ கொல்லை வழியாகவோதான் வருகிறான். அதை வாசல் பக்கம், கேட்டைப் பார்க்கிற மாதிரி மாற்றினால் மகனுக்கு வேண்டிய நிம்மதியில் முக்கால்வாசி கிடைத்துவிடும். நீங்களும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடமாடலாம். அடுத்த வீட்டு வாசல் படத்தில் விழாதபடி பார்த்துத் திருப்புங்கள்.

இன்னொருவரையும் மறக்க வேண்டாம். பாத்திரம் தேய்க்க ஒருவர் வருவார் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் வீடுகளில் வருவார்கள். அவரிடம் கேமரா இருப்பதைச் சொல்லிவிட்டீர்களா? உங்களிடம் கேட்காமல் உங்களைப் படம்பிடிப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அவருக்கும் இருக்கும்.

சட்டம் காப்பாற்றுமா என்று கேட்டால், பாதி ஆம். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும். டிவி கம்பெனியிடம் "என் தரவை அழி" என்று கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் ஒருவர் தன் சொந்த, குடும்பக் காரியத்துக்காகத் தரவைக் கையாள்வது இந்தச் சட்டத்துக்குள் வராது. மகன் அம்மாவைப் பார்க்கிற கேமராவுக்கு டெல்லியில் யாரும் விதி எழுதவில்லை. அதை நீங்களும் அவரும்தான் பேசி முடிவு செய்ய வேண்டும்.

சரி, டிவி. பக்கத்து வீட்டு அம்மா சொன்னதில் ஒரு திருத்தம்: டிவி கேட்பதைவிடப் பார்ப்பது அதிகம். அதுவும் உங்களை அல்ல, தன் திரையையே. பல்லவியின் முதல் இரண்டு சொல்லைக் கேட்டதும் இது இன்ன படத்துப் பாட்டு என்று சொல்கிறோம் இல்லையா, அது போல டிவி தன் திரையில் ஓடுவதிலிருந்து ஒரு சின்னக் கைநாட்டை எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பும். கம்பெனி அதைத் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, இந்த வீட்டில் இந்த நிமிடம் இந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். கேபிள் பெட்டியில் பார்த்தாலும் சரி, லேப்டாப்பை வயர் போட்டு இணைத்தாலும் சரி, திரையில் வந்தால் போதும்.

இது யாரோ கிளப்பிவிட்ட கதை இல்லை. விசியோ என்ற அமெரிக்க டிவி கம்பெனி 2014 முதல் இப்படி 1 கோடியே 10 லட்சம் டிவிகளிலிருந்து, வீட்டுக்காரர்களிடம் ஒழுங்காகக் கேட்காமல், பார்த்ததையெல்லாம் சேகரித்தது. அதோடு வீட்டில் இருப்பவர்களின் வயது, வருமானம் போன்ற விவரங்களையும் ஒட்டி விற்க வழி செய்தது. 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அப்போதும் இந்த முறையே தப்பு என்று யாரும் நிறுத்தவில்லை. கேட்டுவிட்டுச் செய் என்றார்கள், அவ்வளவுதான். அதனால் இப்போது அனேகமாக எல்லாக் கம்பெனியும் கேட்கிறது. எப்போது கேட்கிறது? டிவியைப் பெட்டியிலிருந்து எடுத்து, வீடே சுற்றி நின்று, எப்போது படம் தெரியும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. நானே சொல்கிறேன், என் வீட்டு டிவியை அமைத்த அன்று ஐபிஎல் ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. ஐந்தாறு சம்மதக் கட்டங்கள் வந்தன. "எல்லாவற்றுக்கும் சம்மதம்" என்பதை அமுக்கிவிட்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். இதே தொழிலில் இருக்கிற ஆள்! இரண்டு மாதம் கழித்துத்தான் போய் ஒவ்வொன்றாக அணைத்தேன்.

2024-இல் லண்டன், கலிஃபோர்னியா, மாட்ரிட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து இரண்டு பெரிய கம்பெனி டிவிகளைச் சோதித்தார்கள். எல்ஜி டிவி 15 வினாடிக்கு ஒரு முறையும், சாம்சங் டிவி நிமிடத்துக்கு ஒரு முறையும் இந்தக் கைநாட்டை அனுப்பின. நல்ல செய்தியும் அதே ஆய்வில் இருக்கிறது: செட்டிங்ஸில் போய் அணைத்தால் அனுப்புவது உண்மையிலேயே நின்றது. எனவே அணைக்கலாம், பலன் உண்டு. தொல்லை என்னவென்றால் ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் "வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்", எல்ஜியில் "லைவ் பிளஸ்", வேறு சிலவற்றில் "சம்பா இன்டராக்டிவ் டிவி". கூகுள் டிவி வகையாக இருந்தால் "பிரைவசி" பகுதிக்குள் "ஆட்ஸ்" என்று இருக்கும், அங்கே விளம்பர அடையாள எண்ணை நீக்கலாம். மகனை வீடியோ காலில் வைத்துக்கொண்டு செய்தால் கால் மணி நேர வேலை. உங்கள் வீட்டில் யாரும் யூடியூப் பார்ப்பதில்லை, கேபிள் மட்டும்தான் என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம். டிவியின் வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டு வைஃபையைத் தேர்ந்து "ஃபர்கெட்" கொடுத்துவிடுங்கள். பழைய டிவி மாதிரி சமர்த்தாக இருக்கும்.

டிவியின் மைக் பெரும்பாலும் ரிமோட்டில்தான் இருக்கிறது, மைக் பட்டனை அமுக்கினால்தான் திறக்கும். சில விலை உயர்ந்த டிவிகளில் டிவிக்குள்ளேயே மைக் இருக்கும். அப்படிப்பட்டவற்றில் அடிப்பக்கம் ஒரு சின்ன நழுவு ஸ்விட்ச் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

அப்படியானால் மூட்டுவலித் தைலம் எங்கிருந்து வந்தது? உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா தினமும் உங்கள் வீட்டில் உட்கார்ந்து பேரனோடு வீடியோவில் பேசுகிறார். உங்கள் வைஃபையில்தானே? வெளியே இருந்து பார்க்கிற விளம்பரக் கம்பெனிக்கு உங்கள் போன், உங்கள் கணவர் போன், டிவி, அந்த அம்மாவின் போன் எல்லாம் ஒரே இணைய முகவரி, அதாவது ஒரே வீடு. நீங்கள் மூட்டுவலியைச் சொன்னதும் அவர் அங்கேயே உட்கார்ந்து உங்களுக்காகத் தேடிப் பார்த்திருப்பார், அல்லது முந்தின நாளே தனக்காகத் தேடியிருப்பார். "இந்த வீட்டில் யாருக்கோ மூட்டுவலி" என்று கணக்கு போட அது போதும். போன் ஒட்டுக்கேட்டது என்று சந்தேகிக்க வேண்டியதே இல்லை. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2018-இல் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் சில ஆப்கள் திரையைப் படம் பிடித்து அனுப்பியது சிக்கியது. நாம் காதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண் வேலை செய்திருக்கிறது.

ஸ்பீக்கருக்குக் காது உண்டு, அதை மறைக்க முடியாது. தன் பெயரைக் கேட்கும்வரை வெளியே எதையும் அனுப்பாது என்பது ஏற்பாடு. பெயரைத் தவறாகக் கேட்பதுதான் பிரச்சினை. உங்களுடையது "அலெக்சா" என்ற பெயருக்கு எழும் வகை என்றால், உங்கள் தெருவில் அலெக்ஸ் என்று ஒரு பையன் இருந்து, அவன் அம்மா வாசலில் நின்று கூப்பிட்டால் உங்கள் ஸ்பீக்கர் எழுந்து உட்காரும். 2018-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஒரு தம்பதி வீட்டுத் தரைக்கு மரம் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தது அப்படியே பதிவாகி, கணவரிடம் வேலை பார்ப்பவரின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு சொல்லையும் தனக்கு இட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டு அது வரிசையாகத் தப்பு செய்திருக்கிறது. தரை பற்றிய பேச்சாகப் போனதே என்று அவர்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். காலையில் சகஸ்ரநாமம் போட்டு முடித்ததும் மேலே உள்ள மைக் பட்டனை அமுக்கிவிடுங்கள், சிவப்பு விளக்கு எரியும். அப்புறம் அது வெறும் டப்பா. ஆப்பில் குரல் பதிவுகளைச் சேமிக்கவே வேண்டாம் என்ற தேர்வும் இருக்கிறது. படுக்கையறையில் மட்டும் வைக்காதீர்கள்.

வாஷிங் மெஷினைப் பற்றிச் சீக்கிரம் முடித்துவிடலாம். லொகேஷன் கேட்பதற்கு ஒரு பாதி நியாயமான காரணம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் பக்கத்தில் உள்ள வைஃபை, புளூடூத் பொருள்களைத் தேட நெடுநாள் லொகேஷன் அனுமதி கட்டாயமாக இருந்தது. மெஷினை முதல் முறை இணைக்கும்போது அது வேண்டியிருக்கும். இணைத்து முடிந்த பிறகு வேண்டாம், போனின் செட்டிங்ஸில் போய் அந்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, வாஷிங் மெஷினுக்கு இணையம் எதற்கு? துணி போட நீங்கள் போக வேண்டும், எடுத்துக் காயப்போட நீங்கள் போக வேண்டும். நடுவில் "துவைத்தாயிற்று" என்று போனில் வரும் ஒரு செய்திக்காகவா? அது கத்துகிற கத்தல் தெருமுனைவரை கேட்கிறது. வைஃபையிலிருந்து எடுத்துவிட்டு ஆப்பையும் நீக்குங்கள். வாரண்டி போய்விடும் என்று கடையில் யாராவது சொன்னால், வாரண்டி அட்டையில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்தால் போதும். ஏசி, ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் எது வந்தாலும் இதையே கேளுங்கள்: இணையம் இல்லாமல் இது தன் வேலையைச் செய்யுமா? செய்யும் என்றால் இணைக்காதீர்கள்.

வைஃபை தரும் பெட்டியான ரவுட்டரிலும் ஒரு சின்ன வேலை. இப்போதைய ரவுட்டர்களில் பலவற்றில் "கெஸ்ட் நெட்வொர்க்" என்று திண்ணை மாதிரி ஒன்று உண்டு. டிவி, ஸ்பீக்கர், கேமரா, அதோடு பக்கத்து வீட்டு அம்மாவின் போன் எல்லாம் திண்ணையில் இருக்கட்டும். வங்கிக் கணக்கு பார்க்கிற உங்கள் போன்கள் மட்டும் உள்ளே. திண்ணைக்கு வந்தவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. நெட் இணைப்பு கொடுத்தவர்களின் ஆளை வரச் சொன்னால் செய்து கொடுப்பார். ரவுட்டர் அடியில் ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். தைலம் விளம்பரம் இதனால் நிற்காது. வெளியே இருந்து பார்த்தால் திண்ணைக்கும் வீட்டுக்கும் கதவு எண் ஒன்றுதான்.

ரோபோ வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். ஸ்ரீரங்கத்துப் பழைய வீட்டில் அறைக்கு அறை நிலைப்படி இருக்கும், அது முதல் படியிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது என் அனுமானம்தான். ஆனால் அவர் வாங்கியே தீருவேன் என்றால், கேமரா இல்லாத, லேசர் வைத்து வழி பார்க்கிற மாடலாக வாங்கச் சொல்லுங்கள். கேமரா உள்ளவை என்ன செய்யக்கூடும் என்பதற்கு ஒரு உதாரணம்: ஐரோபோட் கம்பெனி 2020-இல் சோதனைக்காகச் சில வீடுகளில் ஓடவிட்ட ரோபோக்கள் எடுத்த படங்கள், படத்தில் உள்ள பொருள்களுக்குப் பெயர் குறிக்கிற கூலி வேலைக்காக வெனிசுவேலாவரை போய், அங்கிருந்து ஃபேஸ்புக்கில் கசிந்தன. அதில் ஒன்று கழிப்பறையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் படம். சோதனைக்குச் சம்மதித்தவர்கள்தான் அவர்கள், காசும் வாங்கியவர்கள். இந்த மாதிரி ஒரு படத்துக்கு அவர்கள் சம்மதித்திருப்பார்களா? 2024 மே மாதத்தில் வேறொரு கம்பெனியின் ரோபோக்களுக்குள் அமெரிக்காவில் சில ஊர்களில் யாரோ புகுந்து, அதன் ஸ்பீக்கர் வழியாக வீட்டுக்காரர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். நமக்குத் துடைப்பம் போதும். அல்லது துடைக்க வருகிறவருக்குத் தீபாவளிக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள்.

இனி மகன். கறுப்புப் படத்தைப் பார்த்தும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை என்றேனே, அவருக்கும் உள்ளூர ஒரு சங்கடம் இருந்திருக்கும் என்று படுகிறது. அம்மாவை வேவு பார்க்க வாங்கியவர் இல்லை அவர். நீங்கள் விழுந்துவிட்டால் பதிமூன்று மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு யார் சொல்வது என்ற பயத்தில் வாங்கியது. கேமராவைப் பிடுங்கினால் அந்தப் பயம் அப்படியேதான் இருக்கும், தினம் நாலு முறை போன் வரும். எனவே பயத்துக்கு வேறு வழி சொல்லுங்கள். கேமரா வாசலுக்குப் போகிறது. காலையில் எழுந்ததும் நீங்கள் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி போடுகிறீர்கள். அங்கே மாலை, அவர் ஆபீஸ் முடிந்து பார்ப்பார். எட்டு மணிக்குள் அது வரவில்லை என்றால் அவர் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடலாம். அவர் நம்பர் மகனிடம் இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் உங்கள் வீட்டுக்கு வருகிறவர், கழுத்து திரும்பாவிட்டாலும் எல்லாக் கேமராவையும்விட அவருக்குத்தான் உங்களைப் பற்றி அதிகம் தெரியும்.

துண்டு விஷயத்தையும் சொல்லிவிடுங்கள், சிரிப்பார்.

டிவியில் எந்த இடத்தில் போய் அணைப்பது என்று பிடிபடாவிட்டால் அதன் பின்பக்கம் இருக்கும் மாடல் எண்ணை எழுதி அனுப்புங்கள், வழி சொல்கிறேன். கேமராவின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரை மட்டும் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். எனக்கும்தான்.